பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள்

அக்கா,

சத்திரம் பேருந்து நிலையத்தில் இன்று ஒருவர் கடைப் பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். தின்னர் வாசனை வந்ததும், ஏற வேண்டிய ஸ்ரீரங்கம் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். கால்நடை மருத்துவ ஆய்வு மாணவியாக எங்கள் மாடி அறையில் நீங்கள் குடியிருந்தபோது, ஆய்வகத்திலிருந்து திரும்பும் உங்கள் துப்பட்டாவில் இதே வாசனைதான் அடிக்கும். நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

"இன்னிக்கும் பன்னிக் கர்ப்பப்பைதானா? நாங்க சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்லுங்கம்மா" என்பாள் அம்மா. நான் மட்டும் விடாமல் கேட்பேன். கிருமி புகுந்தால் உடல் அழற்சிச் செய்தி அனுப்பும். செல்களில் உள்ள ஏற்பிகள் அதை வாங்கும். "ஏற்பிங்க மாறிப்போச்சுன்னா கர்ப்பப்பை சரியா சுருங்காது. சீழ் உள்ளேயே தங்கிடும். அப்புறம் அது சினை பிடிக்காது, பாவம்" என்றீர்கள்.

சமயபுரம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வந்த திசுக்கள் அவை. நோயுற்றவை ஆறு, நல்லவை ஆறு. அவற்றை ஒட்டப்போகும் கண்ணாடித் துண்டுகளில் பெயரெழுத என்னிடம் கொடுத்தீர்கள், ஒரு பென்சிலோடு. பத்தாம் வகுப்புக்காரி பென்சிலில் எழுதுவதா? மைப்பேனாவால் முத்து முத்தாக எழுதினேன்.

சாயமேற்றி அலசியதில் மை முழுதும் கரைந்துவிட்டது; எது நோயுற்றது, எது நல்லது என்று தெரியவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டே வாரம் இருந்தது. "கையெழுத்து மகாராணி, வந்து பாருங்க" என்று ஆய்வகத்துக்கே கூட்டிப்போனீர்கள். அழுதுகொண்டே நுண்ணோக்கியில் பார்த்தேன். ஏற்பிகள் உள்ள இடம்தான் சாயத்தில் பழுப்பாகும்; சிலவற்றில் அந்த நிறம் அடர்ந்திருந்தது.

"அக்கா, இதெல்லாம்தான் நோய் வந்தது. பார்த்தாலே தெரியுது. எழுதிடலாம்."

"நோய் வந்தா நிறம் கூடுதான்னுதானே பார்க்கிறேன்? நிறத்தை வெச்சே பேரெழுதிட்டா, அப்புறம் நான் என்னத்தடி கண்டுபிடிச்சேன்?"

பன்னிரண்டையும் கழிவுப் பெட்டியில் போட்டீர்கள். மெழுகில் பதித்திருந்த திசுவை மறுபடி முதலிலிருந்து சீவத் தொடங்கினீர்கள். அந்தத் தவணை தப்பியது. அடுத்த தவணை வருவதற்குள் காய்ச்சல் வந்தது. பட்டம் உங்கள் கைக்கு வரவேயில்லை. என் பேனாவால்தான் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் பள்ளி ஆய்வகச் சோதனையில் எனக்குப் புத்தகத்து விடை வரவில்லை. "சரியான ரீடிங்கைப் பார்த்துப் போட்டுக்கோடி, யாருக்குத் தெரியப்போகுது?" என்று தோழி நோட்டை நீட்டினாள். வந்ததையே எழுதினேன். மிஸ் சிவப்பில் வட்டமிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

திருத்தவில்லை, அக்கா.