சந்தனம் பூசிய எடைக்கல்

காஞ்சிபுரம்,
ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

அன்புள்ள அனுவுக்கு,

அம்மா எழுதுவது. ஏகாம்பரநாதர் உனக்குத் துணையிருக்கட்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் மனம் மாறிவிடுவேன். அதனால்தான் இத்தாலிக்குத் தபால்.

நீ தோண்டுகிற ரோமானியத் துறைமுகக் கோயிலைப் பற்றி எழுதியதை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வியாபாரிகள் சாமி முன்னால் சத்தியம் செய்துதான் சரக்கு கைமாறுமாம், எடைக்கல்லும் சாமி காவலில்தான் இருக்குமாம். அப்படி இருந்த ஒரு கல்லின் அடியைக் குடைந்திருந்தார்களாம். சாமிக்கே காது குத்தியிருக்கிறான் பாருங்கள் என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

நம் கடையில் சாமிப் படத்தின் கீழே இருக்குமே, இரண்டு கிலோ இரும்புக் கல். நெய்து வரும் புடவையை அப்பா மின் தராசில் நிறுப்பார். நெசவாளிக்குப் பட்டு நூல் கொடுக்க மட்டும் அந்தக் கல்தான், ராசியான கல் என்பார். ஆயுத பூஜைக்கு அவரே சந்தனம் பூசுவார், யாரையும் தொட விடமாட்டார். இன்று அவர் பெங்களூர் போயிருக்கிறார். நான் துடைத்தேன். அடியில் வருஷக்கணக்கான சந்தனம் அப்பியிருந்தது. சுரண்டினால், எடை சரிக்கட்ட ஈயம் ஊற்றியிருக்கவேண்டிய குழியில் ஈயம் இல்லை, அனு! என் கட்டைவிரல் முழுசாக உள்ளே போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கிலோ என்று நிறுத்துக் கொடுத்த நூலெல்லாம் குறைவாகத்தான் போயிருக்கிறது.

உன் பச்சைப் பட்டுப்பாவாடையை நெய்தாரே வீரபத்திரன், போன தை மாதம் அவர் கொண்டுவந்த புடவைகள், கொடுத்த நூலின் கணக்கைவிட எடை குறைந்தன. நூலைத் திருடிவிட்டார் என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். அந்த மனுஷர் அம்மன் கோயிலில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. நானும்தான். நாங்க என்னாமா, பட்டு நூலையா துன்றோம் என்று அவர் மனைவி பொன்னி கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதன்பிறகு ஒருவரும் அவருக்கு நெய்யக் கொடுப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கிறார்.

நீங்கள் தோண்டியெடுத்த கல்லை, குடைந்த பக்கம் தெரியும்படி கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். நம் கல் என் கூடையில் இருக்கிறது. நாளை அம்மன் கோயிலில் ஊரே கூடும். வீரபத்திரன் கற்பூரம் அணைத்த அதே இடத்தில் கவிழ்த்து வைக்கப்போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

அப்பா போன் செய்தால் எடுத்துப் பேசு. சாப்பிட்டாரா என்று கேள். நான் கேட்டால் பதில் சொல்வாரோ என்னவோ.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அம்மா,
கிருஷ்ணவேணி