எதிர்வீட்டு வாழ்த்துக்கு அப்பா எழுதிய பதில்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம், உன் நலத்தில் பாதியைத்தான் நீ எழுதியிருக்கிறாய், இருமலைப் பற்றிய மீதியையும் எழுது. இனி நம் வீட்டுக் குப்பை வாளியைக் காலை ஏழரைக்குப் பதிலாக ஐந்தரைக்கே நான் கீழே கொண்டுபோவது என்று நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒருமனதாக முடிவாகியிருக்கிறது. ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவன்தான். உன் அம்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் குப்பை வாளி என் பொறுப்பு.

உன் அலுவலகத்தில் எல்லாரும் அவர்கள் பண்டிகைக்கு உனக்கு வாழ்த்துச் சொல்கிறார்களாம், நம்பாத ஒன்றுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கேட்டிருந்தாய். இந்த விஷயத்தில் எனக்கு அண்மையில் அனுபவம் ஏற்பட்டிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். எதிர்வீட்டு நர்ஸம்மாவை உனக்குத் தெரியும். என் கை நடுங்கும், அம்மாவுக்குக் கண் மங்கல், அதனால் இரண்டு வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து அம்மாவுக்குச் சர்க்கரை ஊசி போடுகிறவர் அவர்தான். போன மாதம் அவர்கள் பண்டிகை. ஒரு டப்பா இனிப்பும் தங்க ஓரம் போட்ட வாழ்த்து அட்டையும் கொண்டுவந்து கொடுத்து, "அண்ணா, உங்க வீட்டுக்கும் எல்லா நல்லதும் நடக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அட்டையில், ஆண்டவர் உங்கள் இல்லத்தில் என்றும் குடியிருப்பாராக என்று அச்சிட்டிருந்தது. நாற்பது வருஷம் பத்திரம் எழுதிய கை சும்மா இருக்குமா. ஒருவர் நம் வீட்டில் என்றும் குடியிருப்பது பற்றிய வாசகத்தை மறுப்புச் சொல்லாமல் வாங்கி வைத்தால், ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள். எனவே உட்கார்ந்து ஒரு பதில் தட்டச்சு செய்தேன். தங்கள் வாழ்த்தும் இனிப்பு டப்பா ஒன்றும் பெற்றுக்கொண்டோம், அட்டையில் கண்ட சமய நம்பிக்கைகள் எங்களைக் கட்டுப்படுத்தா, வாழ்த்தை வாழ்த்தளவில் மட்டும் ஏற்கிறோம், இனிப்பு திருப்தி. தேதி போட்டு, கையெழுத்திட்டு, அவர்கள் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் கிழித்திருப்பாள்.

மறுநாள் ஏழு அடித்தபோது நர்ஸம்மா வந்தார். ஊசி போட்டார். பிறகு கோடு போட்ட நோட்டு ஒன்றை நீட்டி, "சார், இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். அதில் தேதி, ஊசி ஒன்று, இடது கை, போட்டவர், பெற்றவர் என்று எழுதியிருந்தது. பத்திரம் என்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு அண்ணா பதவி போய் சார் ஆனவன், இன்னும் சார்தான். முன்பெல்லாம் வார்டில் நடந்த கதை பத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஊசியையே வெளியே எடுப்பார். இப்போது பஞ்சு, ஊசி, நோட்டு, அவ்வளவுதான். "ஏங்க, அவ ஏன் பேச மாட்டேங்கறா, நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க" என்று அம்மா மூன்று நாள் குடைந்தாள். சொன்னேன். "நாப்பது வருஷம் ஊரான் வீட்டுச் சுவரையெல்லாம் பத்திரத்துல எழுதித் தள்ளினீங்களே, நாலடி தள்ளி இருக்கற கதவைத் தட்டி ஒரு நன்றி சொல்ல வாய் வரலையா" என்றாள்.

அந்த நாலடிதான் இப்போது என் உலகம். நர்ஸம்மாவின் கணவர் பஸ் டிரைவர், மாலை ஷிப்ட், பகலெல்லாம் காற்றுக்காகக் கதவைத் திறந்துபோட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நூலகம் போக வேண்டுமென்றால் அவர் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்வதில்லை, காலை மடக்கி வழிவிடுகிறார், அதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்ப்பதும், திரும்பி வந்து நேற்றைய செய்தித்தாளை மறுபடி படிப்பதுமாக மூன்று மணி வரை உள்ளேயே கிடக்கிறேன். பின்பக்கம் ஜன்னல் இருக்கிறது, அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அவர்கள் பூட்டு திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் வித்தியாசம் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஆனால் காலை ஏழு மணிக்கு மட்டும் கதவை நானே திறந்தாக வேண்டும். மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன், அம்மாவின் கையில் ஊசி இறங்கிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுப்பது முறையா, சொல்.

போன வியாழன் நம் பண்டிகை. வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார், ஊசி போட்டார், "உங்க ரெண்டு பேருக்கும் பண்டிகை வாழ்த்து சார், வீட்ல எல்லாரும் சொல்லச் சொன்னாங்க" என்றார். ஒரு நிபந்தனையும் இல்லை. ரொம்ப நன்றிம்மா, உங்களுக்கும் என்று சொல்லத்தான் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாய் திறந்தபோது, பெற்றுக்கொண்டோம் என்று வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு நோட்டை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகவே உனக்கு நான் சொல்வது, யார் வாழ்த்தினாலும் சிரித்து, நன்றி, உங்களுக்கும் என்று சொல், சொல்லிவிட்டு வாயை மூடு. அவர்கள் உன் கையில் நல்லதைத்தான் வைக்கிறார்கள், உன் நம்பிக்கையை எழுதி வாங்க வரவில்லை. இது அறுபத்தெட்டு வயதில் எனக்குத் தெரிந்தது, முப்பதில் உனக்குத் தெரிந்தால் லாபம். மஃப்ளரைச் சுற்றிக்கொள், வெந்நீர் குடி, ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவுக்குப் போன் செய். நீ நூறு வருஷம் நோய்நொடியில்லாமல் இருக்க இருவரின் ஆசியும், எந்த நிபந்தனையும் இல்லாமல்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. நர்ஸம்மாவுக்கு வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து காலையில் நேரம் ஒத்துவராதாம். இனி ஊசிக்கு அம்மாவைப் பஸ்ஸில் கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ் ஆறே முக்காலுக்கு, அதை விட்டால் எட்டு மணிக்குத்தான், அதனால்தான் குப்பை வாளிக்கு ஐந்தரை.