ஜி சுருதிக்கு எந்தக் குழல், மச்சான்?

அன்புள்ள மச்சான்,

நீங்க எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. உங்க மகள் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனா வேற ஒரு விஷயம் மனசைக் குழப்பிக்கிட்டே இருக்கு.

கவிதா பிறந்தப்ப நீங்களே மெட்டுப் போட்ட தாலாட்டை, பேர் வைக்கிற அன்னைக்கு அக்கா பாடணும்னு கவிதா கேட்டா. நீங்க போனதிலிருந்து அக்கா ஒரு வரி பாடலை. "குழல் இல்லாம முடியாதுடா. நீ வாசிச்சாப் பாடுறேன்" என்றாள். நீங்க சிங்கப்பூர்லருந்து கொண்டுவந்த டின் விசில்ங்கிற தகரக் குழல்ல எனக்கும் நாலு பாட்டு வரும்ல, சரின்னுட்டேன்.

உங்க பீரோவிலிருந்து விசில் பெட்டியை என் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து திறந்தா ரெண்டு விசில். ஒண்ணுல டி-ன்னு போட்டிருக்கு, கொஞ்சம் நீளமானதுல சி. நீங்க வாசிச்சு அக்கா பாடினது என் போன்ல இருக்கு. அதோட வாசிச்சுப் பார்த்தா ரெண்டுமே ஒட்டலை. உங்களைக் கேட்கவும் வழியில்லை. கச்சேரியில கீபோர்டு வாசிக்கிற ஸ்டீபன்கிட்டப் போட்டுக் காட்டினேன்.

"இது ஜி சுருதிண்ணே."

"ஜி விசிலே பெட்டியில இல்லையேப்பா."

"தனியா வேணாம். டி விசில்லயே ஜி வரும். ஆறு ஓட்டையும் மூடித் தொடங்காதீக. மேல மூணை மட்டும் மூடி, அதை ஸ-வா வச்சுக்கங்க."

கச்சிதமா ஒட்டிக்கிச்சு. சந்தோஷமாக் கண்டனூருக்கு, அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா ரெண்டு வரி பாடி, மேல போற இடத்துல நிறுத்திட்டா. உங்க நினைப்பு வந்துருச்சுன்னு நானும் விசிலைக் கீழ வச்சேன்.

"அழுகையெல்லாம் இல்லடா. எட்டலை."

"முன்னாடி எட்டுச்சேக்கா?"

"எப்ப எட்டுச்சு? ஒன் மச்சானுக்கு அந்தக் குழல் சத்தந்தான் பிடிக்கும். நரம்பு புடைக்க இழுத்துப் பாடினேன்."

சி-யை எடுத்து அதே விரல் வச்சேன். பாட்டு ஒரு படி இறங்குச்சு. அக்கா சிரமமே இல்லாம முழுசும் பாடிட்டு, "இது ஏதுடா?" என்றாள். அவ அதைப் பார்த்ததே இல்லையாம். மேல ஒட்டின கடைச் சீட்டைக்கூட நீங்க உரிக்கலை.

யாருக்கு வாங்குனீக மச்சான்? அக்காவுக்கு எட்டலைன்னு தெரிஞ்சுதானா? தெரிஞ்சும் ஏன் ஒரு நாளும் எடுக்கலை? இல்ல, கடைக்காரன் சேர்த்துக் குடுத்ததா? தெரியலைக்கான்னு சொன்னேன். "எட்டுதான்னு அவரு கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்ல" என்றாள். அது கோவமா வருத்தமா, எனக்குப் பிடிபடலை.

போன வெள்ளிக்கிழமை பேர் வச்சோம். சி-யிலதான் வாசிச்சேன். நடுவுல ஒரு இடத்துல விரல் தப்பிருச்சு. அக்கா எனக்காக நிக்கலை, பாடிக்கிட்டே போயிட்டா. பிள்ளை முழிச்சு அழுதுச்சு. அப்பவும் நிறுத்தலை.

இனி ஞாயித்துக்கிழமைதோறும் கண்டனூர் போயி அக்காவுக்கு வாசிக்கிறேன். எந்தக் குழலை எடுத்தாலும், எட்டுதாக்கான்னு கேட்டுட்டுத்தான் தொடங்குவேன். இது உங்களுக்கு நான் குடுக்கிற வாக்கு.

என்றும் உங்க மாப்ள,
சேகர்