கேரவன் நின்ற ஊர்

அப்பா,

கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பத்தில் உங்கள் ஒற்றைச் செருப்பு தட்டுப்பட்டது. இடது கால். வாரில் அன்றைய வாய்க்கால் சேறு காய்ந்து இன்னும் ஒட்டியிருக்கிறது. பெருக்குவதை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது.

தம்பி சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த அந்தக் கேரவன் நினைவிருக்கிறதா என்று எழுதப் போனேன். அப்போதே உங்களுக்கு எதுவும் நினைவில் நின்றதில்லை. உள்ளே படுக்கை, கழிப்பறை, சின்ன அடுப்பு. "அப்பாவப் படுக்க வச்சே கூட்டிட்டுப் போயிடலாங்க்கா. தரங்கம்பாடியில கடலக் காட்டிட்டு வந்துடலாம். மூணு வருஷமா நீ வாசப்படி தாண்டல" என்றான். நீங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "ஒரே படிக்கட்டுதான் இருக்கு, இவ்ளோ கூட்டம் எப்படி எறங்கும்?" என்று கேட்டீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக இருந்தவர் கேட்க வேண்டிய கேள்விதான். தஞ்சாவூரைத் தாண்டும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

செம்பனார்கோவில் தாண்டி ஒரு சின்ன ஊரில் டீ குடிக்க நிறுத்தினோம். நாலு கடை, ஒரு நிழற்குடை, சாலையை ஒட்டிக் கரை தொட்டு ஓடும் வாய்க்கால். "அப்பா கைய விட்டுடாதக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் தம்பியும் அவன் மனைவியும் கடைப் பக்கம் போனார்கள். நான் விட்டேன். காலையில் நீங்கள் நனைத்த வேட்டியைப் பையில் கட்டிவைக்க உள்ளே ஏறினேன். இரண்டு நிமிஷம்கூட இராது. இறங்கியபோது நீங்கள் இல்லை.

கடை கடையாக ஓடினேன். "வெள்ளச் சட்ட போட்ட பெரியவரு, கொஞ்சம் மறதி உள்ளவரு, பாத்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை. அதற்குள் தம்பி மனைவி வாய்க்கால் படித்துறையிலிருந்து அலறினாள். கடைசிப் படியில் இந்தச் செருப்பு. இன்னொன்றைக் காணோம். தண்ணீர் கலங்கலாக இழுத்துக்கொண்டு போனது. டீக்கடைக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். வயலிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து இறங்கினார்கள். தம்பி "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே கரையோடு மதகு வரை ஓடினான்.

நான் ஓடவில்லை. படியிலேயே நின்றேன். அப்போதுதான் அது வந்தது. 'சரி, முடிஞ்சுது.' இனிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருக வேண்டாம். ஈரத் துணி அலச வேண்டாம். நெஞ்சு லேசாகி ஒரு மூச்சு விட்டேன் அப்பா. ஒரே ஒரு மூச்சு. என்ன நினைத்தேன் என்பது உறைத்ததும் சேலையோடு தண்ணீரில் விழுந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. "ஏம்மா, பைத்தியமா ஒனக்கு?" என்று யாரோ முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள்.

நிழற்குடையில் கீரைக்கட்டோடு வந்து உட்கார்ந்த ஓர் அம்மாள்தான் கேட்டார்: "செருப்பில்லாம இருந்த பெரியவரா? நான் எறங்குன தரங்கம்பாடி பஸ்ஸுலதான் ஏறுனாருங்களே. படியில நின்னு 'போலாம் ரைட்'டுன்னாரு. நான் செக்கர்னுல்ல நெனச்சேன்!"

கேரவனை விரட்டிக்கொண்டு போய் அடுத்த ஊரில் அந்த பஸ்ஸை மறித்தோம். நீங்கள் கம்பியைப் பிடித்தபடி, "படியில நிக்காதீங்க, உள்ள தள்ளிப் போங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தீர்கள். கண்டக்டர் ஓரமாக நின்று, "பழைய ஆளுன்னு பாத்ததுமே தெரிஞ்சுதுங்க. எறக்கிவிட மனசு வரல" என்றார்.

தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறினேன். என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "நனஞ்சுட்டு வந்திருக்கியேம்மா. எங்க போவணும்?"

"வீட்டுக்குப்பா."

"இது அங்க போற வண்டி இல்லியே" என்றீர்கள். நான் விம்மி அழுததும், ஜன்னலோரம் இருந்த பெண்ணிடம், "கொஞ்சம் நவுந்து எடங்குடுங்க, பாவம், இந்தப் பொண்ணுக்கு முடியல" என்று சொல்லி என்னை உட்காரவைத்தீர்கள்.

கடல் பார்க்காமலே திரும்பினோம். அதன்பிறகு ஐந்து மாதம் இருந்தீர்கள். ஒரு காய்ச்சல், நாலே நாள். காரியத்தன்று தம்பி சொந்தக்காரர்கள் முன்னால், "அக்கா பாத்த மாதிரி யாராலயும் பாத்திருக்க முடியாது" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைத் தூக்கவே இல்லை.

அந்த ஒரு மூச்சை உங்களிடம் சொல்லியிருக்கலாம். காலையில் சொன்னால் காப்பி ஆறுவதற்குள் மறந்திருப்பீர்கள். தினம் ஒருமுறை சொல்லி, தினம் ஒருமுறை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சோறு ஊட்டும்போதெல்லாம் வாய்வரை வரும். நீங்கள் என் முகத்தையே பார்த்து, "யாரு பெத்த பொண்ணோ, நல்லா இரு தாயி" என்பீர்கள். அடுத்த கவளத்தைப் பிசைவேன்.

கேட்டு மறந்துபோக இப்போது நீங்களும் இல்லை அப்பா. என்னால் மறக்கவும் முடியவில்லை.