எங்கே போகிறாய் என்று கேட்காதவர்கள்

என் செல்லத் தம்பிக்கு,

நீ போய் நாலு மாதம். உரும்பிராயில் வெங்காயம் நட்டாயிற்று. மண்ணெண்ணெய் கிடைக்காததால் தண்ணீர் இறைக்கிற மிஷின் ஓடவில்லை; துலாவில் இறைத்து என் தோள் விட்டுப்போய்விட்டது. இதை வேறு யாரிடம் சொல்லி அழுவது?

உன் கடிதங்களை மறுபடி எடுத்து வாசித்தேன். சுவிஸ் மலையில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவப் போன நீ, பனிக்கே வாத்தியார் ஆகியிருந்தாய். புதிதாய் விழுந்த பனியை நம்பக்கூடாது. காற்று கொண்டுவந்து குவித்த சரிவில் ஏறக்கூடாது, எந்த நேரமும் மொத்தமாகச் சரியும். தனியே போகக்கூடாது. எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும். எல்லாம் உன் கையெழுத்துத்தான். அப்படி எழுதினவன், லீவு நாளில் பனியில் சறுக்குகிற கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏனடா தனியே போனாய்?

உன்னோடு ஒரே அறையில் இருந்த கோப்பாய்ப் பெடியன் நேசனின் கடிதம் போன மாதம்தான் வந்து சேர்ந்தது. நீ சப்பாத்துக் கட்டும்போது எங்கே என்று கேட்க வாயெடுத்தானாம். புறப்படுகிறவனை அப்படிக் கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று வீட்டில் பழக்கியிருக்கிறார்களே, விழுங்கிவிட்டானாம். “போயிட்டு வாறன் எண்டான். நானும் ஓம் எண்டு விட்டிட்டன் அக்கா” என்று எழுதியிருந்தான்.

பொழுதுபட்டும் நீ வராததால் தேடப் புறப்பட்டவர்கள், எந்தப் பக்கம் என்று அவனைத்தான் கேட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை. மலையின் ஒரு பக்கம் முழுக்கத் தேடிவிட்டு, மறுநாள்தான் மற்றப் பக்கத்தில் பனிக்குள்ளிருந்து உன்னை எடுத்தார்கள். முதலிலேயே அங்கே போயிருந்தால்?

நான் அவனுக்குப் பதில் போடவில்லை. அவ்வளவு கோபம். அம்மா மட்டும் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

சின்ன வயதில், புறப்பட்ட அப்பாவை எங்கே என்று கேட்டதற்கு என் தலையில் குட்டியவர் அம்மா. இப்போது வாசல் படலையில் நின்று போகிற எல்லாரையும் மறிக்கிறார். “எங்கை போறியள்? எந்த ரோட்டாலை? எப்ப வருவியள்?” கிளாலியில் வள்ளம் ஏறப் புறப்பட்ட பக்கத்து வீட்டு மணியக்கா முகம் கறுத்து, திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டார். “கடல் கடக்கிற நேரத்திலை என்னடி உந்தக் கேள்வி?” என்று என்னோடு சண்டை. களைத்துவிட்டேன், தம்பி.

நேற்று அம்மாவே வந்து சொன்னார்: “நேசனுக்கு எழுது.”

“என்னத்தை எழுத?”

“நானாயிருந்தாலும் கேட்டிருக்கமாட்டன். அம்மா கோவிக்கேல்லை எண்டு எழுது. லீவு நாளிலை எங்கை போறான், எத்தினை மணிக்குத் திரும்புவான் எண்டும் கேள். எனக்கு அது தெரியவேணும்.”

எழுதிவிட்டேன். கொழும்புக்குப் போய்த் தபாலில் போடுகிற ஒருவரிடம் அதைக் கொடுக்க, சைக்கிளில் இங்கே பக்கத்துத் திருநெல்வேலிக்குப் புறப்படுகிறேன். பலாலி வீதியால்தான் போவேன். இனி அம்மா கேட்கும்வரை காத்திருக்கமாட்டேன், எங்கே போனாலும் நானே சொல்லிவிட்டுப் போவேன். இன்றைக்கு உனக்கும் சொல்லிவிட்டேன்.

மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிற
உன் அக்கா