மணிக்கு ஒரு புள்ளி

மார்ச் 24, 1998

மெட்ரோ தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. கோமளம் குடத்தோடு கீழ்வீட்டு வாசலில் போய் நின்றாள். எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஃபேக்ஸ் வந்துவிட்டது. லஸ்ஸில் புஷ்பம் நடத்தும் எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் வருகிறது, நம் வீட்டில் அந்த மெஷின் ஏது? இரண்டே வரி. அட்சரேகை, தீர்க்கரேகை. 'லூர்து' படகின் பின்பக்கக் கம்பியில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு ஆன்டெனா இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இங்கே இருக்கிறேன் என்று அது செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அங்கிருந்து புஷ்பத்துக்கு. புஷ்பத்திடமிருந்து எனக்கு.

வர்ஷினியின் பழைய பள்ளிக்கூட அட்லஸில் பென்சிலால் புள்ளி வைத்தேன். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே கால்வாசி கூட ஆகவில்லை. இருபத்துநாலு வயதுப் பெண் அவள், பாய்மரப் படகில், ஹென்றியும் அவளுமாக இரண்டே பேர்! ஹென்றி முப்பது வருஷம் கப்பலில் இருந்தவர், என்னைவிட மூத்தவர், தங்கமான மனிதர். எல்லாம் சரி. அவர் படகை அவர் தனியாக ஓட்டிக்கொண்டு போகக்கூடாதா?

மார்ச் 26

புள்ளி நன்றாக நகர்கிறது. இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

புறப்படும் அன்று ஹென்றி துறைமுகத்தில் சொன்னதை எழுதி வைக்கிறேன். "சார், நீங்க தந்தி ஆபீஸ்காரர். கரையில எங்களுக்கு நீங்கதான். இந்த டெலெக்ஸ் கட்டளைய அனுப்பினா எங்க மெஷின் கேட்கும். அடிக்கடி ரிப்போர்ட் பண்ணச் சொல்லலாம், குறைக்கவும் சொல்லலாம். ஆனா எங்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாதான் தொடணும். ஒவ்வொரு தடவ அனுப்பறதும் பேட்டரியைத் தின்னும்."

வர்ஷினி பக்கத்திலேயே நின்றிருந்தாள். "அங்கிள், அப்பாகிட்ட போய் இதைக் கொடுக்கறேளே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மார்ச் 28

புயலுக்குப் பயந்தேன். மழைக்குப் பயந்தேன். காற்றே இல்லாமல் போகும் என்று நினைக்கவில்லை. நேற்று மாலையிலிருந்து புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆலிஸுக்குப் போன் செய்தேன். ஹென்றியின் மனைவி, சாந்தோமில் கணக்கு டீச்சர். "பங்குனியில அப்படித்தான் சார், கடல் கண்ணாடியா கிடக்கும். நிக்கட்டும்" என்றாள். நிக்கட்டுமாம்.

மார்ச் 29

அதே இடம்.

மார்ச் 30

அதே இடம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு வரி. நடுவில் என்ன ஆனாலும் எனக்குத் தெரியாது. விழுந்திருந்தால்? பாம்பு மாதிரி கயிறு கிடக்கிற இடம், கால் தடுக்கியிருந்தால்? ஆள் இல்லாத படகும் இதே இரண்டு வரியைத்தானே அனுப்பும்!

தந்தி ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. லைன் அமைதியாக இருந்தால் சும்மா உட்காரக்கூடாது. தட்டிப் பார்க்க வேண்டும். பதில் வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. சர்வீஸ் முழுக்க நான் செய்த வேலை அதுதான்.

12B பஸ் பிடித்து தி. நகர் போனேன். பழைய ஆபீஸ், தெரிந்த முகங்கள், டெலெக்ஸில் உட்காரவிட்டார்கள். மணிக்கு ஒரு தடவை என்று மாற்றி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டேன் என்று மெஷின் பதிலும் சொல்லிவிட்டது.

கோமளத்திடம் பனகல் பார்க் பக்கம் காய் வாங்கப் போனேன் என்றேன். வெறும் பையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

மார்ச் 31

நிம்மதி! மணிக்கொரு புள்ளி.

புஷ்பத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா சார் இது, ராவுல்லாம் ஃபேக்ஸ் வந்துகினே இருந்திருக்குது! காலைல கடைய தொறந்தா தரையில பேப்பர் மாலை மாதிரி தொங்கினு கீது. ரோலு தீந்துபோச்சு." புது ரோல் வாங்கிக் கொடுத்தேன்.

புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. பென்சில் முனை அட்லஸில் வங்காள விரிகுடாவை ஓட்டை போட்டுவிட்டது. இருந்தால் என்ன, இருக்கிறாள் என்று தெரிகிறதே.

ஏப்ரல் 1

காலையில் இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி. வர்ஷினி தட்டியது. என்ஜின் ஓடுகிறது, ஆனால் தூரம் போக டீசல் போதாது, பேட்டரிக்குச் சார்ஜும் ஏறவில்லை. கப்பல் போகும் தடத்தில் நிற்கிறோம், ராத்திரி பாய்மர உச்சியில் எரியும் விளக்குக்குப் பேட்டரி வேண்டும், மிச்சம் பிடிக்கிறோம். அப்பா கவலைப்பட வேண்டாம்.

மிச்சம் பிடிக்கிறார்களாம். மணிக்கொரு தடவை நான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன்! இருட்டில் விளக்கில்லாமல் ஒரு சின்னப் படகு. எதிரே ஆறு மாடிக் கட்டடம் மாதிரி ஒரு கப்பல் வந்தால் அதற்கு மோதியது கூடத் தெரியாது.

சட்டையை மாட்டிக்கொண்டு தி. நகருக்கு ஓடினேன். பஸ் தேனாம்பேட்டை சிக்னலில் நின்றது நின்றதுதான். இறங்கி ஆட்டோ பிடித்தேன். பழையபடி ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றே மாற்றி அனுப்பினேன்.

பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். அந்த மெஷின் பதில் தரவில்லை என்றுதான் திரும்பி வந்தது. ஆபீஸ் மூடும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 2

வரவில்லை.

ஏப்ரல் 3

"வர்ல சார். வந்தா நானே ஓடியாந்து சொல்ல மாட்டனா? எத்தினி தபா தான் இந்த வெயில்ல நடப்ப நைனா, உக்காரு" என்று புஷ்பம் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இத்தனை நாள் சார் என்றவள், இன்று நைனா என்கிறாள். என் மூஞ்சி அப்படி இருக்கிறது போலிருக்கிறது.

சாயங்காலம் சாந்தோம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆலிஸ் காபி கொடுத்தாள். மேஜையில் விடைத்தாள் கட்டு. பாதி திருத்தி மூடியிருந்தாள். "மெஷின்தானே சார், கெட்டுப்போயிருக்கும். துறைமுகத்துல சொல்லிட்டேன். அந்தப் பக்கம் போற கப்பலுக்கெல்லாம் பார்க்கச் சொல்லியிருக்காங்க. நீங்க ரொம்ப ஒடம்பை வருத்திக்காதீங்க" என்று எனக்கே தைரியம் சொன்னாள். அவள் புருஷனும் அந்தப் படகில்தான் இருக்கிறார். வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். கோழை.

ஏப்ரல் 5

கோமளத்திடம் சொல்லிவிட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன்னா, அவ காலேஜ் போறச்சே பஸ் ஸ்டாண்டுல போய் ஒளிஞ்சு நின்னேள். வேலைக்குப் போனா ஆபீஸுக்குப் போன் பண்ணி வந்துட்டாளான்னு கேட்டேள். மானம் போறதுப்பான்னு அழுதா. கடலுக்குப் போனா. அங்கேயும் விடலையா நீங்க?"

பயமாக இருந்தது என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லையா? நான் பெத்தவ இல்லையா? நான் சும்மா இருக்கலை?"

வெண்டைக்காய் அப்படியே கிடந்தது. ராத்திரி இருவருக்கும் மோரும் சாதமும்தான்.

ஏப்ரல் 6

டெலெக்ஸ் மூன்று தடவை. பதில் இல்லை. இனிமேல் வர வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

ஏப்ரல் 8

அறுபத்துமூவர் உற்சவம். நான்கு மாட வீதியும் தலை மேல் தலை. பூத்துக்குப் போகலாம் என்று கிளம்பி குளத்து மூலையில் மாட்டிக்கொண்டேன். முன்னால் போக முடியவில்லை, பின்னால் வர முடியவில்லை. பல்லக்கு பல்லக்காக நாயன்மார்கள் போகிறார்கள், ஜனம் கபாலி, கபாலி என்று கத்துகிறது. எனக்கு வேண்டிக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. என்னவென்று கேட்பது? நான் செய்ததை நீ சரி பண்ணு என்றா?

நின்ற இடத்திலேயே அழுதேன். பந்தலில் இருந்த யாரோ கையில் நீர்மோர் டம்ளரைத் திணித்தார்கள். வெயிலுக்கு என்று நினைத்திருப்பார்கள். குடித்தேன். கூட்டம் தள்ளிய பக்கமெல்லாம் போனேன், கடைசியில் அது வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டது. பூத் வரை போகவே இல்லை.

ஏப்ரல் 10

காலை பத்தரைக்குப் போன். கோமளம்தான் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ரிசீவரைப் பிடுங்கினேன்.

"அப்பா. போர்ட் பிளேர் வந்துட்டோம். நன்னா இருக்கோம்."

வர்ஷினி. குரல் கட்டிப்போயிருந்தது. பின்னால் ஹென்றி யாரிடமோ ஹிந்தியில் கத்திக்கொண்டிருந்தார்.

நான் பேட்டரி, விளக்கு, மெஷின் செத்துப்போச்சா என்று என்னென்னவோ உளறினேன்.

"சாகலைப்பா. நான்தான் ஒயரைப் பிடுங்கினேன். கரையிலேர்ந்து மணிக்கொரு தடவைன்னு மாத்தியிருக்குன்னு மெஷின் காட்டித்து. ஹென்றி அங்கிள் நீயா இருக்காதுன்னார். எனக்குத் தெரிஞ்சுது. ராத்திரி விளக்கு எரியணும், இல்லேன்னா உனக்குப் புள்ளி வரணும். ரெண்டுக்கும் பேட்டரி இல்லை."

மூன்று நாளில் காற்று வந்துவிட்டதாம். பாதி வழியில் ஒரு கப்பல் பக்கத்தில் வந்து, விளக்கைப் பார்த்து விலகிப் போனதாம். விலகிப் போனது என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

காற்று வந்த பிறகாவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒயரைச் சொருகியிருக்கக்கூடாதா என்றேன்.

"சொருகினா நீ மறுபடியும் தொடுவே."

நான் அன்றைக்கே ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று மாற்றி அனுப்பிவிட்டேன், நூறு தடவை அனுப்பினேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. கேட்க ஆளில்லாத கட்டளை. "சாப்பிட்டியாம்மா" என்றேன். சாப்பிட்டாளாம்.

ஆலிஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன், நின்றபடியே. "வீட்டுக்குப் போங்க சார்" என்றாள். இன்று காபி இல்லை.

ஏப்ரல் 17

பேட்டரியும் சார்ஜரும் சரிசெய்துகொண்டு, நேற்று போர்ட் பிளேரிலிருந்து அடுத்த துறைமுகமான ஃபூக்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மெஷின் செட்டிங்கை வர்ஷினியே மாற்றியிருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரே ரிப்போர்ட், அதுவும் ஆலிஸ் ஏற்பாடு செய்த ஃபேக்ஸ் நம்பருக்கு. கரையிலிருந்து வரும் எந்தக் கட்டளையையும் இனி அது கேட்காது. தி. நகருக்குப் போக எனக்கு வேலையில்லை.

பழக்கதோஷத்தில் லஸ் வரை நடந்தேன். "இன்னா நைனா, பாப்பா வந்து சேந்துச்சுல்ல, இன்னும் இன்னா?" என்றாள் புஷ்பம். மீதி ரோலைத் திருப்பிக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஆலிஸ் போன் செய்தாள். எனக்கில்லை, கோமளத்துக்கு. கோமளம் உம் உம் என்று கேட்டுவிட்டு, "சரிம்மா, நாளைக்கும் சொல்லு" என்று வைத்தாள். நான் பேப்பரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். எங்கே இருக்காளாம் என்றேன்.

"நன்னா இருக்காளாம்."

எங்கே என்று மறுபடி கேட்க வாய் வரை வந்தது. கோமளம் விளக்கேற்றப் போய்விட்டாள். அட்லஸைப் பரணில் போட்டேன்.