உங்களுக்கு இல்லாததுங்களா

சூரமங்கலம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ரஞ்சிதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஜெயபிரகாஷும் பூனாவில் சௌக்கியமாக இருப்பீர்கள். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் அவரும் கேட்பார் என்பதால் உன் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

அம்மாவைப் பிசியோதெரபிக்கு ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருகிறேன். வாதம் வந்த கால் சற்றுத் தேறியிருக்கிறது. நாக்குதான் இன்னும் புரளவில்லை.

நீ அனுப்பிய புது கீபோர்டு வந்தது. வயர் இல்லை, கனம் இல்லை, சத்தமும் இல்லை. குறை சொல்வதாக நினைக்காதே. தாலுகா ஆபீஸில் தமிழ் டைப்பிஸ்டாக இருந்தவள் உன் அம்மா. கீயைப் பார்த்து அடித்துப் பழக்கமில்லை. பழையதில் ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங் உண்டு. விரல் இறங்கியதும் டக்கென்று பதில் சொல்லும். அதை வைத்துத்தான் ஒற்றை இடது கையால் அவள் பேசிக்கொண்டிருந்தாள். ரசத்தில் உப்பில்லை, வேலைக்கு வரும் வசந்தாமணி புளுகுகிறாள், நீங்கள் வாயை மூடுங்கள் என்று தினமும் திட்டு வாங்கினேன். இப்போது எழுத்து விழுந்ததா என்று தெரியாமல் ஒரே கீயை அழுத்திக்கொண்டிருக்கிறாள். திரையில் வரி முழுக்க 'த' நிற்கிறது.

முன்பு அவள் தட்டினால் சமையலறை வரை கேட்கும். செவ்வாய்க்கிழமை அவள் புதியதில் தட்டிக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. வந்து பார்த்தபோது சேலையும் விரிப்பும் நனைந்திருந்தன. மாற்றி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்கள் இருவரும் இங்கே வந்திருந்த அன்று மாப்பிள்ளை பழைய கீபோர்டைத் திருப்பி அடியிலிருந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி இப்ப எங்கேயும் கிடைக்காது மாமா, பழைய கீபோர்டு சேர்க்கிறவங்க இதுக்கு உயிரையே விடுவாங்க என்றார். நான், உங்களுக்கு இல்லாததுங்களா என்றேன். நாம் அப்படிச் சொல்வதும் அவர்கள் வேண்டாமுங்க என்பதும் நம் பக்கத்து முறை. பூனாவிலேயே வளர்ந்தவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியும். நீ பக்கத்தில்தான் நின்றாய். எடுத்துட்டுப் போங்க இந்தச் சனியனை, வீடே லேத்துப் பட்டறையாட்டம் இருக்குது என்று சிரித்து, அம்மாவின் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தாய். அவள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று நீ அனுப்பிய வீடியோவில் மாப்பிள்ளை அதற்குப் பக்கத்தில் மைக் வைத்துத் தட்டுகிறார். எதையும் எழுதவில்லை, சும்மா தட்டுகிறார். நண்பர்கள் ஆகா என்கிறார்கள். மறு ஞாயிறு மும்பையில் ஒருவரிடம் கொடுத்து வேறொன்று மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார். அந்தச் சத்தம் கேட்டு அம்மா திரும்பினாள். இடது கை போர்வைமேல் அசைந்தது. மறுபடி போடு என்று ஜாடை காட்டினாள். போட்டேன். பிறகு என்னால் முடியவில்லை.

ரஞ்சிதா, அந்த ஞாயிறுக்குள் அதைத் திருப்பி அனுப்பச் செய். கொடுத்ததை மாமனார் திரும்பக் கேட்கிறார் என்று அவருக்கு மனத்தாங்கல் வரும். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லிவிடு, நான் மறுக்க மாட்டேன். இப்படி எழுதுவது சரிதானா என்றும் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவின் ஆசியையும் சேர்த்து எழுதத்தான் நினைத்தேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ள இப்போது வழியில்லை. ஆகவே என் ஆசியை மட்டும் அனுப்புகிறேன். நன்றாக இரு சாமி.

அப்பா